யார் வீட்டில் யார் விருந்தாளி?

பொங்கல் கூட்டமாயினும் புத்தாண்டுக் கூட்டமாயினும், மேடை ஏறும் நம் சொற்பொழிவாளர் எவரும் விருந்தோம்பலைத் தொடாமல் இறங்குவதில்லை. உலகிற்கு விருந்தோம்பலைக் கற்பித்தவன் தமிழன் என்பார். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பார். கைதட்டல் எழும், மாலை விழும், கூட்டம் கலையும். அதே சொற்பொழிவாளர், கூட்டம் முடிந்து காப்பி அருந்தும்போது, சரவாக்கில் வேலைக்குச் சென்று விடுமுறையில் வந்திருக்கும் இளைஞனொருவனைப் பார்த்து, "என்னப்பா, அந்தத் தலைவெட்டிகளுக்கு நடுவில் எப்படித்தான் இருக்கிறாய்? காட்டு மனிதர்களாயிற்றே!" என்று கேட்டுச் சிரிப்பார். சுற்றியிருப்போரும் சிரிப்பர். இந்தச் சிரிப்பை நான் தோட்டத்துக் கிராணிமார் விடுதியிலும் கேட்டிருக்கிறேன். பட்டணத்துச் சங்கக் கட்டடத்திலும் கேட்டிருக்கிறேன். அதற்கு மறுப்பாகவே இதனை எழுதுகிறேன்.

சரவாக்கின் செம்பனைத் தோட்டமொன்றில் கணக்கெழுதிப் பிழைப்பவன் யான். என் தோட்டத்தைச் சுற்றிலும் இபான் மக்களின் நீள்வீடுகள் உள்ளன. அவர்களே அம்மாநிலத்தின் மிகப் பெரிய இனத்தார். பள்ளியில் ஆங்கிலம் வழியாகப் படித்தவன் ஆகையால், அவர்களைப்பற்றி நான் முதன்முதல் அறிந்தது வெள்ளையர் எழுதிய பழைய பயண நூல்களால்தான். அந்நூல்களில் மண்டையோடு வராத அத்தியாயம் அரிது. நம்மவர் அந்நூல்களைப் படித்தவரல்லர். ஆயினும் அவற்றின் ஏளனம் மட்டும் எப்படியோ கடல் கடந்து நம் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை நம்மைக் கூலி என்று அழைத்ததை இன்றளவும் மறவாத நாம், அதே துரை இன்னொருவனுக்குச் சூட்டிய பெயரை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது விந்தையே.

நீள்வீடு என்பது யாது? இபான் மொழியில் ரூமா பாஞ்சாய் என்பர். ஆற்றங்கரையில், தூண்கள்மீது, ஒரே கூரையின்கீழ் நீளவாட்டில் அமைந்த வீட்டுவரிசை அது. பழைய வீடுகளுக்குத் தூணும் கூரைச் சில்லும் பெலியான் என்னும் இரும்புமரத்தால் ஆனவை. புதியவற்றுள் பல செங்கல்லும் சிமிட்டியுமாக எழுந்துவிட்டன. வீட்டின் அளவை அடிக்கணக்கில் சொல்லார், கதவுக்கணக்கில் சொல்வர். இருபது கதவு வீடு என்றால் இருபது குடும்பம் என்று பொருள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பீலிக் என்னும் தனி அறை. அதன் மேலே நெல்லும் பாயும் வைக்கச் சாடாவ் என்னும் பரண். அறைகளுக்கு முன்னே வீட்டின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை தடுப்பின்றி ஓடும் ருவாய் என்னும் கூடம். அதற்கும் வெளியே நெல்லும் மிளகும் காயவைக்கத் தாஞ்சு என்னும் திறந்த மேடை. வீட்டுக்குத் தலைவர் துவாய் ரூமா எனப்படுவார். வீட்டின் பெயரும் அவர் பெயரே.

நம் சீர்திருத்த அன்பர்கள் சிலர் இதைக் கேட்டவுடன், "ஆகா, பொதுவுடைமை வாழ்வு!" என்று மகிழக் கூடும். அவசரப்பட வேண்டா. 1949 முதல் 1951 வரை பாலே ஆற்றுப்பகுதியில் தங்கி ஆராய்ந்த டெரெக் ஃபிரீமன் என்னும் அறிஞர், ஒவ்வொரு பீலிக்கும் தன் நிலம், தன் நெல், தன் உலை உடைய தனிக்குடும்பமே என்று காட்டினார். கூடத்தில்கூடத் தன் அறைக்கு முன்னுள்ள பகுதியை அக்குடும்பமே கட்டுகிறது. பழுதானால் அதுவே பார்க்கிறது. ஆனால் தான் கட்டிய அப்பகுதிக்குக் குறுக்கே சுவர் எழுப்பிக்கொள்ள எவரும் துணிவதில்லை. நடப்பவர் நடப்பர், அமர்பவர் அமர்வர், கூடை முடைபவர் முடைவர், விருந்தாளி உறங்குவார். உடைமை தனித்தனி, நடை பொது. இருபது பேர் தத்தம் செலவில் கட்டிய இருபது துண்டுகள் சேர்ந்து ஒரு கூடமாக நிற்பதே நீள்வீட்டின் சூட்சுமம். விருந்தோம்பலும் அந்தக் கூடத்தின்மேல்தான் நிற்கிறது.

விருந்தாளியை அவர்கள் தெமுவாய் என்பர். வந்தவன் முதலில் ஏணியடியில் நிற்க வேண்டும். வீடு விலக்கில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சாவு நேர்ந்திருக்கலாம், வேறு சடங்கு நடந்துகொண்டிருக்கலாம், அப்பொழுது வீடு மாலி, அதாவது அயலார் ஏறலாகாது. இல்லையென்று மேலிருந்து குரல் வந்த பின்பே ஏறலாம். ஏறியவுடன் பாய் விரிக்கப்படும். பாய் விரித்தால் அமர வேண்டும். நின்றுகொண்டே பேசுவதும், விரித்த பாயையும் பரப்பிய உணவையும் தாண்டி நடப்பதும் மரியாதையன்று. வெற்றிலையோ புகையிலையோ வரும். பிறகு கேள்விகள் வரும். எங்கிருந்து வருகிறாய், எந்த ஆற்றைச் சேர்ந்தவன், வழியில் வெள்ளம் எப்படி, அந்த வீட்டில் விளைச்சல் எப்படி, யார் நோயுற்றார், யாருக்குக் குழந்தை பிறந்தது? செய்தித்தாள் செல்லாத ஆறுகளில் விருந்தாளியே செய்தித்தாள். அவன் வாயைத் திறவாமல் உண்டுவிட்டுப் படுத்தால் அது கஞ்சத்தனம்.

உணவு வந்தால் வேண்டாமென்று கையை மட்டும் அசைத்துவிட்டுப் போதல் கூடாது. உண்ண இயலாதவன் விரலால் அதைத் தொட்டாவது விடவேண்டும். தொடாமல் போனவனுக்கு வழியில் பாம்பாலோ முதலையாலோ மரத்தாலோ தீங்கு நேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பூனி என்று பெயர். மலாய்க்காரரிடத்திலும் கெம்புனான் என்ற பெயரில் இந்நம்பிக்கை உண்டு. மூடநம்பிக்கை என்று நம் பகுத்தறிவாளர் எழுதுகோலை எடுப்பர். எடுக்கட்டும், நானும் பாம்பை நம்பவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை செய்யும் வேலையைப் பாருங்கள். கொடுப்பவனின் சோற்றைத் தொடாமல் எழுந்து போகும் உரிமையை அஃது எல்லாரிடமிருந்தும் பறித்துவிடுகிறது. யார் கை சமைத்தது, எந்தக் குலத்துப் பானை என்று ஆராய்ந்து ஒதுங்கிக்கொள்ள அங்கே வழியில்லை. நம்மிடம் உள்ள மூடநம்பிக்கைகளோ பெரும்பாலும் தொடாதே என்பவை. தொடு என்று வற்புறுத்தும் மூடநம்பிக்கை ஒன்று நம்மிடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

காவாய் நாளில் இவையெல்லாம் பன்மடங்காகும். அறுவடை முடிந்த பின் வரும் அப்பெருநாள், 1965 முதல் ஜூன் முதல் தேதியில் சரவாக் முழுவதற்கும் பொதுவிடுமுறையாக இருந்து வருகிறது. விருந்தினர் கூட்டமாக வருவர். ஏணியின் தலைப்பில் வீட்டார் எதிர்கொள்வர். சேவலை அவர்கள் தலைக்குமேல் வீசி வாழ்த்துவர். அரிசியில் வடித்த துவாக் என்னும் பானத்தைக் கொடுப்பர். பிறகு கூடத்தின் நெடுகிலும் நடக்கும் விருந்தினருக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலில் ஒரு கிண்ணம் நீட்டும். ஒரே குடும்பத்தில் வயிறார உண்டு படுத்துவிட முடியாது. கூப்பிட்ட அறை ஒவ்வொன்றிலும் ஒரு பிடியேனும் உண்ண வேண்டும். இல்லையேல் பக்கத்து அறைக்காரி முகம் வாடுவாள். விருந்தாளி கொண்டுவந்த பொருள் அரிசியோ ரொட்டியோ எதுவாயினும் துவாய் ரூமாவிடம் கொடுத்தால், கதவுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடுவார். இருபது பங்காகப் பிட்டால் ரொட்டி விரல்நகமளவுதான் வரும். ஆனாலும் பிட்டே தீருவர்!

இவ்வளவும் அவர்களுடைய வெள்ளை மனத்தின் விளைவு என்று சிலர் பாராட்டுவர். ஏளனத்தை எதிர்ப்பதுபோலவே இப்பாராட்டையும் எதிர்க்கிறேன். வெள்ளை மனம் என்பது குழந்தைக்கும் பசுவுக்கும் சொல்லுவது. நான் கண்டது சட்டம். அதற்கு ஆடாட் என்று பெயர். அதை மீறினால் தண்டம் உண்டு. அச்சட்டத் தொகுப்பு 1993இல் அரசாங்க ஆணையாகவே அச்சேறிற்று. சட்டத்துக்குக் காரணமும் உண்டு. இபான் இளைஞர் பெஜலாய் போவர். ஊரைவிட்டு ஆறுகடந்து சென்று உழைத்துப் பொருளீட்டி, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்புதல் அது. சத்திரமும் சாப்பாட்டுக்கடையும் இல்லாத ஆறுகளில், படகேறிய ஒருவன் இரவுக்கு எங்கே ஒதுங்குவான்? அடுத்த வளைவில் தெரியும் நீள்வீடே அவனுக்குச் சத்திரம். இன்று தன் கூடத்தில் பாய் விரிப்பவனின் மகன், நாளை எங்கோ ஒரு கூடத்தில் பாயை எதிர்பார்த்து ஏணியடியில் நிற்பான். கொடுக்கல் வாங்கல் பல தலைமுறைக்கு நீளும் கணக்கு அது. கணக்கெழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வளவு நேர்த்தியான பேரேட்டை எந்தத் தோட்டத்து அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். தொல்காப்பியர் புதுவகைச் செய்யுளுக்கே விருந்து என்று பெயரிட்டார். ஆகவே விருந்தினன் புதியவன், முன்பின் அறியாதவன். சுற்றத்தாருக்குச் சோறிடுவது வேறு, விருந்தோம்பல் வேறு. ஆனால் இன்று நாம் விருந்து என்பது எதனை? திருமண மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு இலை போட்டு, வாசலில் மேசைபோட்டு மொய் எழுதுவதனை. வந்தவன் அறிந்தவன், அவன் தந்த ஐம்பது வெள்ளியும் அறிந்தது, அவன் வீட்டுத் திருமணத்தில் திருப்பிச் செலுத்தவேண்டிய தொகையும் அறிந்ததே. இதிலே புதியவன் எங்கே? முன்பின் அறியாத தமிழன் ஒருவன் மாலை ஏழு மணிக்குத் தோட்டத்து லயத்தில் வந்து நின்றால், சொந்த ஊர் எது என்று கேட்போம். அப்பன் பெயர் என்ன என்று கேட்போம். கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்து அவன் சாதியில் கொண்டுபோய் நிறுத்துவோம். அது தெரிந்த பிறகுதான் திண்ணையா, கூடமா, சமையலறை வாசலா என்று தீர்மானிக்கிறவர்கள் இன்றும் நம்மிடையே இல்லையா? இபானும் எந்த ஆறு என்று கேட்கிறான். ஆனால் எந்த விடை சொன்னாலும் பாய் ஒன்றுதான்.

இவ்விடத்தில் எனக்கு நேர்ந்த ஓர் உரையாடலைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்து நிறுவைக் கொட்டகையில் வேலை செய்யும் இபான் நண்பர் ஒருவர் தம் வீட்டுக்கு என்னைக் காவாய்க்கு அழைத்துச் சென்றிருந்தார். அவ்வீட்டுத் துவாய் ரூமா எழுபது வயதைக் கடந்தவர். பாயில் என்னை எதிரில் அமரவைத்து மலாயில் கேட்டார்.

"உன் ஆறு எது?"

"ஆற்றங்கரையில் நான் பிறக்கவில்லை, பெரியவரே. பேராக் மாநிலத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்தேன்."

"வீடு எத்தனை கதவு?"

சற்றே திகைத்தேன். பிறகு லயத்தை எண்ணிப் பார்த்தேன். "ஒரே கூரையின்கீழ் பன்னிரண்டு கதவு," என்றேன்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நீங்களும் எங்களைப்போல நீள்வீட்டார்தாம்! துவாய் ரூமா யார்?"

"துவாய் ரூமா என்று எவருமில்லை. வீடு கம்பெனிக்குச் சொந்தம்."

"இப்பொழுது அங்கே யார் இருக்கிறார்?"

"எவருமில்லை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்தை இடித்துவிட்டார்கள்."

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் கிண்ணத்தை நிரப்பி, "அப்படியானால் காவாய்க்கு நீ எந்த வீட்டுக்குப் போவாய்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

லயமும் நீள்வீடும் உருவத்தில் உடன்பிறந்தவை. ஒரே கூரை, வரிசையாகக் கதவு, முன்னே நடை. ஆனால் ஒன்றை அதில் வாழ்பவர் கட்டினர். மற்றொன்றை வாழ்பவரை அடைத்துவைக்க வேறொருவன் கட்டினான். தன் கூரை தனதல்லாதவன் விருந்தோம்புவது எங்ஙனம்? இரவில் வந்து தங்கும் உறவினனைப்பற்றித் தோட்டத்து நிருவாகத்துக்குச் சொல்லவேண்டியிருந்த காலத்தை நம் பாட்டன்மார் கண்டனர். நம் விருந்தோம்பல் சுருங்கியதற்குச் சாதி ஒரு காரணம் என்றால், லயம் இன்னொரு காரணம். நம் சொற்பொழிவாளர் இரண்டையும் விட்டுவிட்டு வள்ளுவரை மட்டும் பிடித்துக்கொள்கிறார்.

"அதெல்லாம் இருக்கட்டும், தலை வெட்டினார்களா இல்லையா?" என்பீர். வெட்டினார்கள். மறைக்க ஒன்றுமில்லை, சில பழைய வீடுகளின் கூடங்களில் மண்டையோடுகள் இன்றும் தொங்குகின்றன. பகைவனாக வந்தவன் விருந்தாளி அல்லன். போரில் பிடித்தவரை அடிமைகொண்டதும் உண்டு. காயான், கென்யா மக்களிடம் உயர்குடி, தாழ்குடி என்ற படிகளும் இருந்தன. நான் தெய்வப்பிறவிகளைப்பற்றி எழுதவில்லை. ஆனால் 1841இல் ஆட்சிக்கு வந்த புரூக் குடும்பத்து வெள்ளை இராசாக்கள், தமக்கு அடங்காத ஆறுகளை அடக்க, அடங்கிய ஆறுகளின் இபான் படையையே திரட்டிக்கொண்டு போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைவேட்டையை ஒழித்தோம் என்று ஒரு கையால் எழுதியவர்கள், மறுகையால் அப்படைகளை அனுப்பினார்கள். 1924 நவம்பரில் கப்பிட்டில் இபான் மக்களும் காயான், கென்யா மக்களும் ஒன்றுகூடிச் சமாதானம் செய்துகொண்டனர். அதன்பின் நூறாண்டு கழிந்துவிட்டது. இதற்கிடையில் ஐரோப்பா எத்தனை இலட்சம் தலைகளை உருட்டிற்று? அவர்களைத் தலைவெட்டிகள் என்று நாம் அழைப்பதில்லையே!

தலையைப்பற்றிப் பேசுவோர் இதையும் அறியவேண்டும். 1944இன் இறுதியிலும் 1945இன் தொடக்கத்திலும் போர்னியோ உட்பகுதியில் விமானம் வீழ்ந்து உயிர் தப்பிய அமெரிக்க வீரர்களை, லுன் டாயே மக்கள் சப்பானியர் கண்ணில் படாமல் மாதக்கணக்கில் ஒளித்துவைத்து உணவளித்தனர். 1945 மார்ச்சில் டாம் ஹாரிசன் தலைமையில் வானிலிருந்து பாரியோ மேட்டுநிலத்தில் குதித்த நேசநாட்டுப் படையினரைக் கெலாபித் மக்கள் தம் நீள்வீட்டில் ஏற்றுக்கொண்டனர். பிடிபட்டால் உயிர் போகும் என்று அறிந்தே செய்தார்கள். புதியவன் என்பவன் வானத்திலிருந்து விழுந்தவனாகவும் இருக்கலாம் போலும்.

அடுத்த குற்றச்சாட்டு குடி. துவாக் குடிக்கவைத்து மயக்கிவிடுகிறார்கள் என்பது. தொட்டாலும் போதும், உதட்டில் வைத்தாலும் போதும் என்பதை அறியாமல் கிண்ணத்துக்குக் கிண்ணம் வாயில் ஊற்றிக்கொண்டு, பின்னர் அவர்கள்மீது பழிபோடுவது என்ன நியாயம்? துவாக் வீட்டுப்பெண் வடித்தது, திருநாளுக்கென்று வைத்தது. நம் தோட்டங்களிலோ கூலி கொடுத்த கையே கள்ளுக்கடையும் நடத்தி, மாலைக்குள் அந்தக் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. குடியைப்பற்றி அவர்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பதை மதுவிலக்குச் சங்கத்தாரே சொல்லட்டும்.

இக்காலத்தில் புதிதாக ஒரு புலம்பல் கிளம்பியிருக்கிறது. நீள்வீட்டார் இப்போது காசு கேட்கிறார்களாம். இரவுக்கு இவ்வளவு, நடனத்துக்கு இவ்வளவு என்கிறார்களாம். பழைய விருந்தோம்பல் செத்துவிட்டதாம். சொல்பவர் யார்? சுற்றுலா வண்டியில் வந்து, ஒருநாள் தங்கி, இறகுத் தொப்பி அணிந்து படம் எடுத்துக்கொண்டு மறைபவர். நான் முன்பு சொன்ன பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உண்டவன் ஒருநாள் உண்பிக்க வேண்டும் என்பதே அதில் உள்ள பற்று வரவு. கோலாலம்பூர்க்காரன் உலுவில் இருக்கும் கிழவியைத் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் பத்துநாள் வைத்துக்கொள்வானா? அழைக்கமாட்டான். திருப்பி விருந்து செய்யும் எண்ணமே இல்லாதவன் காசு கொடுப்பதுதான் முறை. அந்தக் காசைக் கேட்பதனால் நீள்வீட்டின் மானம் குறையவில்லை; கேட்காவிட்டால்தான் ஏமாளித்தனம். உறவாக வருபவனிடம் இன்றும் அவர்கள் காசு கேட்பதில்லை.

சுற்றுலாக்காரன் ஒருநாளில் போய்விடுவான். போகாத விருந்தாளிகள் இருக்கிறார்கள். இபான் மக்கள் தம் வீட்டைச் சுற்றியுள்ள வயல், பழந்தோப்பு, ஆறு, காடு யாவற்றையும் சேர்த்துப் பெமாக்காய் மெனோவா என்பர். மாக்காய் என்றால் உண்ணுதல். உண்டு வாழும் நிலம் என்பதே அப்பெயரின் கருத்து. விருந்தாளியின் இலையில் வைக்கும் மலைநெல்லும் ஆற்றுமீனும் காட்டுக்கீரையும் அங்கிருந்தே வருகின்றன. 1980களில் பாத்தாங் ஆய் அணைக்காக 26 நீள்வீடுகளைச் சேர்ந்த சுமார் 3,000 பேர் தம் இடத்தைவிட்டு எழுப்பப்பட்டனர். பாக்குன் அணைக்காக 1998 தொடங்கிச் சுமார் 10,000 பேர் சுங்கை ஆசாப்புக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் காயான், கென்யா மக்களே மிகுதி. 2016 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், பயிரிட்ட நிலத்துக்கு அப்பால் உள்ள காட்டின்மீது இந்த உண்ணும்நில வழக்கத்துக்குச் சட்டவலிமை இல்லையென்று தீர்ப்பளித்தது. 2018இல் மாநிலச் சட்டமன்றம் நிலச்சட்டத்தைத் திருத்தி ஓரளவு இடங்கொடுத்தது.

செம்பனையின் கதை இவற்றினும் நயமானது. 1990களின் நடுவில் வந்த புதிய திட்டத்தின்படி, நிலம் நாட்டாருடையது; அறுபதாண்டுக்குக் கூட்டுத்தொழில். பங்கு எப்படி? முதலீட்டுக் கம்பெனிக்கு நூற்றுக்கு 60, அரசாங்க முகமைக்கு 10, நிலத்துக்குரியவருக்கு 30. பாயை விரித்தவனுக்கு 30, பாயில் அமர்ந்தவனுக்கு 60! வந்த அதிகாரிகளுக்கும் கம்பெனிக்காரருக்கும் ருவாயில் பாய் விரித்து, கோழியடித்து, துவாக் கொடுத்து உபசரித்தார்கள். பேச்சு முடிந்தபின் தாள்கள் வந்தன. அவற்றில் எழுதியிருந்தது ஆங்கிலம். எல்லா இடத்திலும் ஏமாற்று நடந்ததென்று யான் கூறவில்லை. பங்குத்தொகை ஒழுங்காகப் பெற்ற வீடுகளும் உள. ஆனால், "ஒரு பெட்டி பீரும் ஒரு பன்றியும் கொண்டுபோனால் போதும், மலையையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்," என்று தோட்டத் துரை ஒருவர், அவரும் தமிழர்தாம், விருந்து மேசையில் சொல்லி நகைத்ததை என் காதால் கேட்டேன். எவன் வீட்டுச் சோற்றை முதல்நாள் உண்டாரோ, அவனைப்பற்றித்தான் அப்படிச் சொன்னார். ஏணியடியில் நின்று கேட்பது, பாயில் அமர்வது, கிண்ணத்தை ஏந்துவது என எல்லா மரியாதையையும் அவர் செவ்வனே செய்திருந்தார். மரியாதையை அறியாதவன் செய்யும் தீமையைவிட, அறிந்தவன் செய்யும் தீமை கொடிது.

"இவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று பட்டணத்து அன்பர் கேட்கலாம். தொடர்பு பழையது. கூச்சிங்குக்கு அருகில் மாத்தாங் மலையில் தேயிலையும் காப்பியும் பயிரிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சார்லஸ் புரூக் தமிழரைக் கொண்டுவந்தார். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே உள்ளது. தொடர்பு புதியதும்கூட. தீபகற்பத்திலிருந்து நம் இளைஞர் கிராணியாகவும், கண்டக்டராகவும், ஆலைப் பொறியாளராகவும் ஆண்டுதோறும் சரவாக் வருகிறார்கள். வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் தொண்ணூறு நாள் தங்க அனுமதி என்று கொடுக்கிறார்களாம், வேலை செய்யத் தனி அனுமதி வேண்டுமாம், "சொந்த நாட்டிலேயே எனக்கு அனுமதிச்சீட்டா?" என்று கொதிக்கிறார்கள். 1963இல் மலேசியா அமைந்தபோது சரவாக் கேட்டுப் பெற்ற உரிமை அது. கொதிக்க அதில் என்ன இருக்கிறது? ஏணியடியில் நின்று, ஏறலாமா என்று கேட்கச் சொல்கிறார்கள். அவ்வளவே.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அவர்களும் நம் வாசலுக்கு வருகிறார்கள். இபான் இளைஞரின் பெஜலாய் இக்காலத்தில் கடல் கடந்து ஜொகூருக்கு நீண்டுவிட்டது. பாசிர் கூடாங், மாசாய் வட்டாரங்களில் கப்பல் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் அவர்கள் பெருந்தொகையாக வேலை செய்கின்றனர். சென்ற ஆண்டு விடுமுறையில் அப்பக்கம் உறவினர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். அவருக்கு வாடகை அறைகள் இரண்டு உண்டு, ஒன்று காலி. மாலையில் இரண்டு பையன்கள் வந்தார்கள். வாசற்படியில் ஏறாமல், காலணியைக் கழற்றிவிட்டு, கீழேயே நின்று அறை கிடைக்குமா என்று மலாயில் பணிவாகக் கேட்டார்கள். எங்கிருந்து என்று கேட்டார் உறவினர். சரவாக் என்றார்கள். அறை போய்விட்டது என்றார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அண்ணே, அறை காலியாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"அவங்க என்னென்னவோ தின்பாங்க, தம்பி. பன்றி, எலி, நாய் எல்லாம். குடிப்பாங்க. நமக்குச் சரிப்படாது."

அவர் மகன் பிந்துலு அருகே ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறான். அவ்வாண்டுக் காவாய்க்கு நீள்வீடொன்றில் மூன்று இரவு தங்கி, பாயில் சம்மணமிட்டு உண்ணும் படத்தை அனுப்பியிருந்தான். கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். அந்தப் பையன்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும்.